சிக்பேட்டையில் சரக்கு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் புதிதாகத் துணிக்கடை அல்லது பேன்சி கடை திறப்பவர்களில் பலர், முதல் கொள்முதலுக்குப் பெங்களூரின் பழைய கடைவீதியான சிக்பேட்டைக்குத்தான் கிளம்புகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். எங்கள் வயதுக்காரர்கள் அந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் பட்ட அடிகளையே இவர்களும் வரிசையாகப் பட்டுக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. பேரம் பேசுங்கள், பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை; அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

எந்தத் தெருவில் எது என்று தெரியாமல் நுழைவது

பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடா 1537-இல் உருவாக்கிய பேட்டையில் தொழிலுக்கு ஒரு தெரு என்ற ஒழுங்கு இருந்தது. அது இன்றும் முழுவதுமாகக் கலைந்துவிடவில்லை. ஜவுளிக்குச் சிக்பேட்டை, நோட்டுக்கும் புத்தகத்துக்கும் அவென்யூ சாலை, மின்னணுச் சாமான்களுக்கு எஸ்.பி. சாலை என்று அறிந்துகொண்டு போனால் பாதி நாள் மிச்சமாகும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கடைகள் பெரும்பாலும் சில்லறை வாடிக்கையாளர்களை நம்பி இருப்பவை. மொத்த வியாபாரம் சந்துக்குள்ளும் மாடியிலும் நடக்கிறது. ஆள் ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டின் வாயிலில் ஏழெட்டுப் பெயர்ப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கப்பட்டிருக்கும். நின்று அவற்றைப் படித்து மேலே ஏறியவருக்குத்தான் மொத்த விலை கிடைக்கும். கமர்ஷியல் தெரு வேறு. அது வீட்டுக்கு வாங்குபவர்கள் போகும் இடம்.

பில்லைப் படிக்காமல் கல்லாவை விட்டு நகர்வது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சேலைக்கு இரண்டு ரூபாய் குறைப்பதற்காக அரை மணி நேரம் வாதாடும் இளைஞர், கடைசியில் கையில் தரப்படும் பில்லை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிடுகிறார்.

நீங்கள் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர். விற்கும் கடை கர்நாடகத்தில் இருக்கிறது. ஆகவே, 33 என்று தொடங்கும் உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இருக்க வேண்டும். வரியும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி என்று ஒன்றாகவே போடப்பட்டிருக்க வேண்டும். கூட்ட நேரத்தில் கல்லாவில் இருப்பவர், உள்ளூர் வாடிக்கையாளருக்குப் போடுவதைப் போலவே சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று இரண்டாகப் பிரித்துப் போட்டுவிடுவார். மொத்தத் தொகையில் ஒரு பைசாகூட மாறாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால், அப்படிக் கர்நாடகக் கணக்கில் செலுத்தப்பட்ட வரியைத் தமிழ்நாட்டில் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடியாது.

பாலக்கோட்டுப் பக்கம் கடை திறந்த ஒரு தம்பி, தீபாவளிக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சேலை எடுத்தார். ஐந்து சதவீத வரி பத்தாயிரம் ரூபாய். அது அப்படியே போனது. அடுத்த மாதம் ஆடிட்டர் சுட்டிக்காட்டிய பிறகு கடைக்குப் போன் செய்தால், "ஜிஎஸ்டிஆர்-1 போட்டாச்சு அண்ணா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வந்ததாம். ஜிஎஸ்டிஆர்-1 என்பது கடைக்காரர் அரசுக்குக் கொடுக்கும் விற்பனைக் கணக்கு. பழைய பில்லின் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட்டு போட்டுவிட்டுப் புதிய பில் கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், ஒரே ஒருமுறை வந்துபோன வெளியூர்க்காரருக்காக அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வராது. மாதந்தோறும் கணக்கு கொடுக்கும் கடைக்கு, ஜிஎஸ்டிஆர்-1 போட மறுமாதம் 11-ஆம் தேதி கெடு. அதை எதிர்பார்த்திருக்காமல், கல்லா முன்னால் நிற்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். ஆயத்த ஆடை எடுத்திருந்தால் வரி விகிதத்தையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி ஒன்று 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

இதைவிட மோசமானது, வரி மிச்சமாகும் என்று பில்லே வேண்டாம் என்பது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்காக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். ஒரு லட்சம் வரை தேவையில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு மட்டும்தான். வழியில் பறக்கும் படை நிறுத்தினால், ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆவது பிரிவின்படி வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். 80,000 ரூபாய்ச் சரக்கில் நாலாயிரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் எட்டாயிரம் கட்டுவார். வண்டி நிற்கும் நாட்களுக்கான வாடகை தனி. சிறு வியாபாரிகள் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரி வரவு கிடையாதுதான். ஆனால், அதற்காகப் பில் இல்லாமல் வரலாம் என்று பொருளில்லை.

செட்டைப் பிரிக்காமல் எடுப்பது

மொத்தக் கடையில் சட்டையும் சுடிதாரும் தனித்தனி உருப்படியாகக் கிடைக்காது. அளவோ நிறமோ கலந்த செட்டாகத்தான் தருவார்கள். மேலே இருப்பதை மட்டும் பார்த்துத் தலையாட்டினால், அடியில் இருந்த இரண்டு நிறங்கள் அடுத்த ஆடித் தள்ளுபடி வரை உங்கள் அலமாரியை விட்டு இறங்காது. செட்டில் எந்த அளவு எத்தனை என்று கேளுங்கள். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். கடைப் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். டேமேஜ் வந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போவது

மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

வரமகாலட்சுமி நோன்பு வாரத்தில் போவது

கால் வைக்க இடமிருக்காது. கடைக்காரரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

சொந்தக் காரில் போவது

அந்தச் சந்துகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. 2025 ஆகஸ்ட் 10-இல் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டுவிட்டது. ஓசூர் வழியாக வருபவர்கள் பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோடு நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால், சிக்பேட்டையிலேயே போய் இறங்கலாம். வழியிலுள்ள சில்க்போர்டு சந்திப்பின் நெரிசல் கீழே கிடக்கட்டும்.

மூட்டையைக் கையோடு தூக்கிவர நினைப்பது

போகும்போது உதவும் மெட்ரோ, திரும்பும்போது உதவாது. பெரிய மூட்டைகளோடு உள்ளே விட மாட்டார்கள். கலாசிப்பாளையத்தில் நம் ஊர்ப்பக்கம் வரும் லாரி ஆபீஸ்களில் புக்கிங் போட்டுவிடுவதே நல்லது. பில்லின் நகலும் இ-வே பில்லும் சரக்கோடு போக வேண்டும். எத்தனை கட்டு என்பதும், எந்த ஊரில் டெலிவரி என்பதும் லாரி ஆபீஸ் தரும் எல்.ஆர். ரசீதில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகு ஆட்டோக்காரரை அனுப்புங்கள். கிருஷ்ணகிரிக்குப் பதில் ஓசூர் என்று எழுதிவிட்டால், அங்கிருந்து எடுத்துவர இன்னொரு வண்டி வாடகை உங்கள் தலையில்தான் விழும்.