டிஷ்வாஷரில் பாத்திரம் அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஷ்வாஷர் எதையும் தேய்ப்பதில்லை. உள்ளே சுழலும் நீர்தெளிப்புக் கைகளின் துளைகளிலிருந்து பீறிடும் வெந்நீரும் அதில் கரைந்திருக்கும் டிடர்ஜென்ட்டும்தான் அழுக்கை நீக்குகின்றன. நீர் படாத இடம் அழுக்காகவே இருக்கும் என்பதால், பாத்திரம் சுத்தமாகவில்லை என்று இயந்திரத்தைக் குறை கூறுவதற்கு முன் அடுக்கிய விதத்தைப் பார்ப்பது நல்லது.

இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கிண்ணத்துக்குள் கிண்ணத்தைச் செருகுவதும் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவதும்தான் மிகப் பரவலான தவறு. தட்டுகளுக்கிடையே இடைவெளி வேண்டும். அழுக்குப் பக்கம் நீர் வரும் திசையை நோக்கியிருக்க வேண்டும். கிண்ணங்களையும் டம்ளர்களையும் சற்றுச் சாய்வாகக் கவிழ்த்தால் அடிக்குழிவில் நீர் தேங்காது. ஒரே அளவுள்ள ஸ்பூன்கள் ஒன்றுக்குள் ஒன்று படிந்துவிடும் என்பதால், அவற்றை முள்கரண்டிகளுடன் கலந்து வைக்கலாம்.

பெரிய தட்டையோ மூடியையோ கதவருகே நிறுத்தினால், டிடர்ஜென்ட் பெட்டியின் மூடி முழுதாகத் திறக்க இயலாது. கழுவி முடித்த பின் பார்த்தால் டிடர்ஜென்ட் மாத்திரை பாதி கரைந்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டிக் காம்பு சுழலும் கையையே நிறுத்திவிடக்கூடும். கதவை மூடுமுன் அந்தக் கையை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்; பலரும் செய்யாத, சில நொடி வேலை.

பாத்திரங்களை முன்கூட்டியே குழாய் நீரில் கழுவி வைப்பது பெரும்பாலும் வீண். புரதத்தையும் மாவுப்பொருளையும் சிதைக்கும் நொதிகள் இன்றைய டிடர்ஜென்ட்டுகள் பலவற்றில் உள்ளன. எலும்பு, விதை, மிச்ச உணவு ஆகியவற்றை வழித்தெடுத்தால் போதும். அடிப்பிடித்துக் கருகியது மட்டும் இதற்கு விலக்கு. அதை ஊறவைத்துத்தான் ஆக வேண்டும். கையால் தேய்க்கும் திரவ சோப்பை மாற்றாக ஊற்றவே கூடாது. நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியே தரைக்கு வந்துவிடும்.

கத்தியின் முனை மேல்நோக்கி இருப்பது உண்மையிலேயே ஆபத்தானது. திறந்த கதவின் அருகே குழந்தை வரலாம், எடுக்கும் கை தவறலாம். முனை கீழ்நோக்கி இருக்கட்டும், நீளமான கத்தியை இயந்திரத்தின் மேல் அடுக்கில் படுக்க வைக்கலாம். நல்ல சமையல் கத்தியைக் கையால் கழுவுவதே மேல், ஏனெனில் அதன் கூர் இயந்திரத்தில் மழுங்கும். பிளாஸ்டிக் பொருள்களின் இடமும் மேல் அடுக்குதான்; சில இயந்திரங்களில் சூடேற்றும் கம்பி அடியில் இருப்பதால், கீழே விழும் மெல்லிய மூடி உருகிவிடலாம்.

மரக்கரண்டி வெடிக்கும், வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், பூச்சில்லாத அலுமினியம் டிடர்ஜென்ட்டின் காரத்தன்மையால் கறுக்கும். இவை இயந்திரத்துக்குள் போகவே வேண்டாம். கழுவிய பின் கீழ் அடுக்கை முதலில் காலி செய்ய வேண்டும். மேல் அடுக்கை முதலில் இழுத்தால், கவிழ்த்த டம்ளர்களின் அடியில் நின்ற நீர் கீழே உலர்ந்திருக்கும் தட்டுகள் மீது சிந்தும்.