தகடூரில் ஒரு சத்திர விருந்து: களியும் மிளகுக் குழம்பும் செய்யும் முறை

வாளும் மந்திரமும் நிறைந்த கற்பனைக் கதைகளில், மழையில் நனைந்தபடி ஒரு சத்திரத்துக்குள் நுழையும் வழிப்போக்கனுக்கு, கரி பிடித்த பானையிலிருந்து கெட்டியான கறிக்குழம்பும், மரத்தட்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஓர் உருண்டையும் கிடைக்கும். கணினி விளையாட்டு ஒன்றில் அந்தக் காட்சியைக் கண்ட என் அக்கா மகன், "மாமா, என் பொறந்தநாளுக்கு இத செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்டான். நான் உருளைக்கிழங்கை மசித்து வைத்து, தக்காளிச் சாற்றில் கோழியை வேகவிட்டுப் பரிமாறினேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா ஓட்டல் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்ததற்குப் பிறகே மற்ற நாடுகளின் சமையலறைகளுக்கு வந்தன. இடைக்கால ஐரோப்பாவைப் பார்த்துப் புனையப்பட்ட ஓர் உலகின் சாப்பாட்டைச் சமைக்க விரும்பினால், முதல் வேலை இந்த நான்கையும் எடுத்து ஓரமாக வைப்பதுதான். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிச் சந்தைக்குப் பேர்போன இந்தத் தருமபுரிப் பகுதியில் (பழைய தகடூர்) வாழ்ந்துகொண்டு தக்காளியில்லாமல் குழம்பு வைப்பது, முதல் நாள் ஏதோ விரதம் போலத்தான் இருந்தது.

அவற்றை நீக்கினால் மிஞ்சுவது தானியம், பயறு, கறி, கிழங்கு, பால், தேன். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த குறிப்புகளில், உமி போகக் குத்திய கோதுமையை வெடிக்கும்வரை வேகவைத்து, பாலும் கறிச்சாறும் முட்டைக் கருவும் சேர்த்துக் கொழுத்த மான்கறியுடன் பரிமாறும் முறை இருக்கிறது. அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அதே உணவு கறியில்லாத கஞ்சியாகவோ கூழாகவோ கிடைத்தது. இந்தப் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் சமையல்களைத் தேடினால், எத்தியோப்பியாவில் டெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா அடை தட்டாகவும் இருக்கிறது, சாப்பாடாகவும் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாலியும் இத்தாலியின் பொலெண்டாவும் இப்போது மக்காச்சோளத்தில் செய்யப்பட்டாலும், முன்பு சிறுதானியங்களில் கிண்டப்பட்டவை. கேழ்வரகுக்கே பூர்விகம் கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுகள்தான். ஆகவே அந்தப் பழுப்பு உருண்டையைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை கிண்டும் களிதான் அது.

குழம்பிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அது காத்திருக்கும், களி காத்திருக்காது. 100 கிராம் கொள்ளை முந்தைய இரவே ஊறவைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டு, வெந்த தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தனியாக ஐந்து விசில் வேகவிடுங்கள். இரண்டு ஸ்பூன் மிளகு, இரண்டு ஸ்பூன் மல்லி விதை, ஒரு ஸ்பூன் சீரகம், சிறு துண்டு சுக்கு ஆகியவற்றை வறுத்துக் கொரகொரப்பாக இடியுங்கள். மிக்சியில் நைசாக அரைத்தால் குழம்பு கறுத்துப்போகும். மிளகாய் இல்லாமல் காரமா என்று கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லே பதில் சொல்லும்: போர்த்துக்கீசியர் வழியாக வந்த புதுக் காய்க்கு நம்மவர்கள் மிளகை வைத்துத்தானே மிளகாய் என்று பேர் வைத்தார்கள்? அதற்கு முன் நம் காரம் மிளகுதான். அதே மிளகை ஐரோப்பியர் பெரும் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதால், கதையில் வரும் ஏழைச் சத்திரக்காரனால் இந்தக் குழம்பை வைத்திருக்க முடியாது. அந்த ஒரு பிழையை நான் தெரிந்தே அனுமதிக்கிறேன்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, பதினைந்து சின்ன வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் வதக்கி, இடித்த பொடி, கறி, கறி வெந்த நீர், கொள்ளு, கொள்ளுத் தண்ணீர், முள்ளங்கித் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து, சிறு தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொள்ளில் பாதியை மசித்துப் போட்டால் குழம்பு கெட்டிப்படும். அக்கால ஐரோப்பியர் இதே வேலைக்கு ரொட்டித் தூளையோ அரைத்த பாதாமையோ பயன்படுத்தினார்கள். தக்காளியின் புளிப்புக்குப் பதிலாக அவர்களிடம் பழுக்காத திராட்சையின் சாறு இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாங்காயை விட்டு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். அரை மாங்காயைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும்.

இனிக் களி. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ரவை உப்புமாவுக்குச் செய்வதுபோல் ஒரு கையால் மாவைத் தூவி மறுகையால் கிளறினேன். கொதிநீர் பட்ட மாவின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி மூடிக்கொண்டதால், உள்ளே ஈரமே படாத மாவு அப்படியே நின்றது. உருண்டையைப் பிட்டால் ஒவ்வொரு வாயிலும் ஒரு வெள்ளைக் கட்டி. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மாவக் கொட்டிட்டுக் கைய வெக்காத, அது பாட்டுக்கு வேகட்டும்" என்றார். முழுச் சூட்சுமமும் அந்த ஒரு வரிதான்.

அரை டம்ளர் அரிசி நொய்யை ஆறு டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். அதிலிருந்து ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரை மொண்டு தனியே வையுங்கள். இதை மறந்தால் களி இளகிப்போகும், பிறகு சரிசெய்ய வழியில்லை. மீதி தளதளவென்று கொதிக்கும்போது இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், கட்டையின் முனையால் அடிவரை நான்கைந்து குழி போடுங்கள். அந்தக் குழிகளின் வழியே கொதிநீர் மேலேறி மாவை உள்ளிருந்து வேகவைக்கும். மூடி, தீயைக் குறைத்து, பத்து நிமிடம் விடுங்கள். மேலே வெளுத்துக் கிடந்த மாவு கறுத்து, ஈரம் ஏறி, வெடிப்பு விட்டிருந்தால் நேரம் வந்துவிட்டது. பாத்திரத்தைத் தரையில் இறக்கி, துணியால் இறுகப் பிடித்து, மாவைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தித் தேய்த்தபடி ஒரே திசையில் கிளறுங்கள். இறுகினால் எடுத்துவைத்த கஞ்சித் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். திரும்ப மூன்று நிமிடம் சிறு தீயில் மூடிவைத்து, நனைத்த விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.

பாத்திரம் அடி கனமான அலுமினியக் குண்டானாக இருக்கட்டும். சத்திரத்தின் தோற்றத்துக்காக நான் களியையும் மண்சட்டியில் கிளறப்போய், சட்டியின் அடி தனியாகக் கழன்று வந்தது. எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், வளைந்துவிடும். மரக் கட்டையைப் போல எதுவும் வராது.

நெய் தடவிய கிண்ணத்தில் களியைப் போட்டு உருட்டி, மரத்தட்டில் கவிழ்த்து, நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றுங்கள். முள்கரண்டி வைக்காதீர்கள், இடைக்கால ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கத்தியும் கரண்டியும் கையும்தான் சாப்பாட்டுக்குப் பயன்பட்டன. களியை மெல்லக் கூடாது, பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பதை வெளியூர் விருந்தாளிகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடிப்பதற்குத் தேன் மதுவுக்குப் பதிலாக வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்த பானகம் வைத்தேன். கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஒளவையாரே பாடியிருக்கும்போது, அவனுடைய தகடூரில் உட்கார்ந்துகொண்டு வேறெதையும் ஊற்ற மனம் வரவில்லை.

பிற்சேர்க்கை: சொன்ன அளவிலேயே செய்தும் களி கூழாகிவிட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் இருவரும் வாங்கியது முளைகட்டிய கேழ்வரகு மாவு. முளைவிடும்போது உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அது இறுகாது. குழந்தைக் கஞ்சிக்கு ஏற்றது, களிக்கு ஆகாது. மில்லில் அரைத்த சாதாரண மாவையே வாங்குங்கள். இன்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி சூடேறவில்லை என்று எழுதியவருக்கு: அதில் மண்சட்டி வேலை செய்யாது, இரும்புச் சட்டி வையுங்கள். மாங்காயை மட்டும் அதில் கொதிக்க விடாமல், இறக்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு, தனியாக வேகவைத்துச் சேருங்கள். இல்லையென்றால் புளிப்புப் பட்டுக் குழம்பில் இரும்பு வாடை ஏறிவிடும்.