வேர்க்ஸ்டேஷனுக்குக் கேசிங் தெரிவு செய்வது எப்படி? கொழும்பில் பூட்டுகிறவர்களுக்காக

ரெண்டரிங், வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளுக்குக் கொம்பியூட்டர் பூட்டும் பலர் கேசிங்கைக் கடைசியாக, கையில் மிஞ்சிய காசுக்கு வாங்குகிறார்கள். மற்றப் பாகங்களோடு சேர்த்தே அதையும் முடிவு செய்யுங்கள். கட்டடக்கலை வேலை செய்யும் என் தங்கைக்கு ஒன்று பூட்டிக் கொடுத்தபோது நான் போன வழி இது. புரொசசர், மெமரி எல்லாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அளவுகளை எழுதுங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகும் முன்பே மதர்போட்டின் நீள அகலம், கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம், பவர் சப்ளையின் நீளம் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள்.

படி 2: 'ஈ-ஏடிஎக்ஸ்' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள்

என்னை அதிக நேரம் மறித்து வைத்த இடம் இதுதான். ஏடிஎக்ஸ், ஈ-ஏடிஎக்ஸ் என்பவை மதர்போட் அளவுகளின் பெயர்கள். சாதாரண ஏடிஎக்ஸ் போட் 305 × 244 மில்லிமீற்றர். முழு ஈ-ஏடிஎக்ஸ் 305 × 330. ஆனால் 270, 280 மில்லிமீற்றர் அகலமான போட்களையும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். கேசிங் பக்கமும் இதே கதை. ஃப்ரக்டல் டிசைனின் டிஃபைன் 7 ஈ-ஏடிஎக்ஸ் ஏற்கும், ஆனால் 285 மில்லிமீற்றர் வரைதான். பெயரைப் பார்த்து 330 போட்டுக்கு அதை வாங்கினால் உள்ளே போகாது. அதனால் 'அதிகபட்சம் எத்தனை மில்லிமீற்றர்' என்ற வரியைத் தேடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொன்று பாருங்கள். கேபிள்கள் பின்பக்கத்திலிருந்து வரும் ரப்பர் துளைகளை அகலமான போட் மூடிவிடலாம். சேர்வர் வகைப் போட் என்றால் எஸ்எஸ்ஐ-ஈஈபி என்ற அளவின் பெயரும் கேசிங் விபரத்தில் இருக்க வேண்டும். அதுவும் 305 × 330தான், ஆனால் அதன் திருகுத் துளைகள் எல்லாம் ஈ-ஏடிஎக்ஸின் துளைகள் இருக்கும் இடத்தில் வராது.

படி 3: கூலரும் கார்டும்

நொக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மில்லிமீற்றர். உயரமான மெமரி போட்டால் கூலரின் முன் விசிறியை மேலே தூக்க வேண்டி வரும், அந்த உயரத்தையும் கூட்டுங்கள். கார்டின் நீளத்தைப் பார்க்கும்போது கேசிங்கின் முன்பக்க விசிறிக்கு 25 மில்லிமீற்றர் கழியுங்கள். அங்கே தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டரும் வந்தால் மொத்தம் 50க்கு மேல் போய்விடும்.

படி 4: காற்று

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலையை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே சோதனை அறை பெரும்பாலும் 20 முதல் 25 பாகைக்குள் இருக்கும். ஏசி போடாத நம் அறை பகலில் 30ஐத் தாண்டும். உள்ளே இருக்கும் புரொசசரும் கார்டும் அந்த வித்தியாசம் முழுவதையும் சுமக்கும். ஆகவே முன்பக்கம் கண்ணாடி வைத்த கேசிங் வேண்டாம், வலை முகப்புத்தான் வேண்டும். சத்தம் குறையும் என்று மூடிய கதவுள்ளதை எடுத்தால், சூட்டில் விசிறிகள் வேகமாகச் சுற்றிச் சத்தம் திரும்பவும் வந்துவிடும். எனக்கு 120 மில்லிமீற்றர் விசிறியைவிட மெதுவாகச் சுற்றும் 140தான் பிடிக்கும்.

காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் தூசி இடுக்குகளால் நுழையாமல் ஃபில்டரில் சிக்கும். காலி வீதி ஓரம் குடியிருப்பவர்கள் முன் ஃபில்டர் திருகு கழற்றாமல் கையால் இழுத்தெடுக்கும் வகையா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கடையில் காட்சிக்கு வைத்து ஓரங்களில் பெயின்ட் உரிந்த கேசிங்கை மலிவு என்று வாங்காதீர்கள்.

படி 5: கடையில்

கேசிங்கைத் திறக்கச் சொல்லி, போட் பூட்டும் தட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவே உருக்கு அடிமட்டம் வைத்துப் பாருங்கள். 20 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பவர் கேபிள்களோடு கதவை மூடுவது கஷ்டம். கேபிள் கட்ட வெல்க்ரோ பட்டிதான் நல்லது. பிளாஸ்டிக் டையை ஒவ்வொரு தடவையும் வெட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: கார்ட் நீளத்துக்குச் சரியாக இருந்தும் பக்கக் கதவு மூடவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். காரணம் புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வரும் 12விஎச்பிடபிள்யூஆர் பவர் கேபிள். பிளக்கிலிருந்து 35 மில்லிமீற்றர் வரை அதை வளைக்காமல் விட வேண்டும். கதவு அழுத்தி மடித்தால் இணைப்பு தளர்ந்து சூடேறலாம். ஆகவே படி 1இல் எழுதிய தாளில் கார்டின் அகலத்தையும் சேர்த்து, அதோடு 35ஐக் கூட்டி, கார்ட் பூட்டும் இடத்திலிருந்து கதவு வரை அந்த அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.