'அரைவ்' பின்னால் 'டு' போடாதீர்கள்: தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு

வந்து சேர்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அரைவ்' என்று ஒரு சொல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தப்பாக எழுதுகிற சொல் அது. நானே பல வருடம் 'அரைவ்ட் டு த ஆபீஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தேன், யாரும் திருத்தவில்லை, ஏனென்றால் திருத்த வேண்டியவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். எல்லாம் நம் 'கு' செய்யும் வேலை. ஆபீசுக்கு வந்தேன், வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லிப் பழகிய வாய், 'க்கு' கண்ட இடத்திலெல்லாம் ஒரு 'டு'வை ஒட்டிவிடுகிறது.

படி 1: ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள்

இலத்தீனில் 'அட்' என்றால் நோக்கி, 'ரீப்பா' என்றால் ஆற்றங்கரை. இந்த இரண்டும் ஒட்டி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் 'அரைவ்'. முதலில் அது கப்பலில் வந்து கரையிறங்குவதைத்தான் குறித்தது, தரை வழியாக வந்தவர்களுக்கு அப்புறம்தான் பரவியது. ஆற்றைச் சொல்லும் 'ரிவர்' கூட அதே ரீப்பாவின் வம்சம்தான். நாம் 'கரை சேர்ந்தான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே.

இது வெறும் சொற்கதை இல்லை. பயணம் முடிந்து கால் தரையில் படுகிற அந்த ஒரு நொடியைத்தான் இந்தச் சொல் பிடிக்கிறது. அதனால் 'ஐ அரைவ்ட் ஃபார் டூ அவர்ஸ்' என்று எழுத முடியாது, இரண்டு மணி நேரமாக யாருக்கும் கால் தரையில் பட்டுக்கொண்டிருக்காது.

படி 2: கால் பட்ட இடம் புள்ளியா, பரப்பா?

ஸ்டேஷன், ஏர்போர்ட், ஹோட்டல், கூட்டம் நடக்கும் இடம் எல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிக்கு 'அட்'. நகரம், நாடு என்றால் பரப்பு, அதற்கு 'இன்'. ஒரே விமானத்தில் வந்து இறங்கிவிட்டு 'வீ அரைவ்ட் இன் ஜப்பான்' என்றும் சொல்லலாம், 'வீ அரைவ்ட் அட் த ஏர்போர்ட்' என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மைதான். ரயில் நின்று போகிற நிறுத்தமாக மட்டும் ஓர் ஊரை நினைத்தால் அதற்கும் 'அட்' வருவதுண்டு, ஆனால் ஆரம்பத்தில் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'ஹியர்', 'தேர்', 'ஹோம்' மூன்றுக்கும் முன்னால் எதுவுமே வேண்டாம். 'அரைவ்ட் ஹோம்', அவ்வளவுதான். ஆனால் யார் வீடு என்று சொல்லிவிட்டால் அது மறுபடி புள்ளியாகிவிடும்: 'அரைவ்ட் அட் ஹெர் ஹோம்'.

படி 3: 'ரீச்', 'கெட்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

அரைவ்ட் அட் த ஸ்டேஷன்.
ரீச்ட் த ஸ்டேஷன்.
காட் டு த ஸ்டேஷன்.

மூன்றும் ஒரே செய்தி. 'ரீச்' இடத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் எந்தச் சொல்லும் வராது. 'டு' வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு 'கெட்' இருக்கிறது, பேச்சில் அதுதான் அதிகம் ஓடும், 'அரைவ்' கொஞ்சம் சட்டை இன் பண்ணிய சொல்.

அப்புறம், வண்டியை விட்டு இறங்கியதும் நாம் எங்கே என்றுகூடச் சொல்லாமல் 'ரீச்ட்' என்று ஒரே சொல்லில் செய்தி தட்டிவிடுகிறோம் இல்லையா? நமக்குள் அது செல்லும், நானும் அனுப்புகிறேன். பிரிட்டன், அமெரிக்கா பக்கத்து ஆளுக்கு அது பாதியில் அறுந்த வாக்கியம் மாதிரி இருக்கும். அவருக்கு 'ஐ ஹேவ் அரைவ்ட்' அல்லது 'ஐயம் ஹியர்' என்று அனுப்புங்கள்.

படி 4: நேற்றா, இப்போதா?

'த பார்சல் ஹேஸ் அரைவ்ட்' என்றால் வந்துவிட்டது, இதோ இருக்கிறது. 'எஸ்டர்டே' என்று ஒரு நாளைச் சேர்த்த உடனே 'ஹேஸ்' கழன்றுவிட வேண்டும்: 'த பார்சல் அரைவ்ட் எஸ்டர்டே'. இரண்டையும் சேர்த்து எழுதும் மின்னஞ்சல்கள் தினமும் கண்ணில் படுகின்றன.

படி 5: கால் இல்லாதவையும் வரும்

பார்சல் மட்டுமா? குழந்தை பிறந்தால் 'த பேபி ஹேஸ் அரைவ்ட்'. காத்திருந்த நாள் வந்தாலும் இதே சொல். பேசிப் பேசி, இழுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தால் 'அரைவ்ட் அட் எ டிசிஷன்'. முடிவு என்பதும் ஒரு புள்ளிதான் என்பதால் 'அட்'. இங்கேதான் 'முடிவுக்கு' என்பதில் இருக்கும் 'க்கு' மறுபடி 'டு'வைக் கூட்டிக்கொண்டு வரும், பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடமும் சொல்லாமல் ஒருவரைப் பற்றி 'ஷீ ஹேஸ் அரைவ்ட்' என்றால், சில சமயம் அவர் பெரிய ஆளாகிவிட்டார் என்றும் பொருள்.

சரி, ஒரு சின்னப் பயிற்சி. இன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அதையே 'அரைவ்', 'ரீச்', 'கெட்' மூன்றிலும் சொல்லிப் பாருங்கள். எங்கேயும் 'டு' வரக்கூடாது, 'கெட்' போட்டால்கூட. ஏன் என்று தெரியவில்லையா, படி 2-இன் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.