பழைய விமானத்தை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பெங்களூரு ஜக்கூர் விமான தளத்தில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். அல்சூர்க்காரர், வீட்டில் தமிழ். சில ஆண்டுகள் ஓட்டிய பழைய செஸ்னா சிறு விமானத்தை விற்கப்போகிறார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் ஹேங்கர்லயே நிக்கட்டும்ணா. எதுக்கு வீணா பறந்து இன்ஜினுக்கு மணிக்கணக்கு ஏத்தணும்? வாரம் ஒரு நாள் வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டாப் போதும்" என்றார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நல்ல படம் போடுங்கள், உள்ளே துடைத்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

விற்க முடிவெடுத்த அன்றே பறப்பதை நிறுத்துவது

என்னுடையது 1982-ஆம் ஆண்டு செஸ்னா 172P. 160 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 இன்ஜின். 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது, என்பது இன்ஜினைச் செய்யும் லைகமிங் சொல்லும் கணக்கு. என் இன்ஜின் 1300 மணியைத் தாண்டியிருந்தது. இனி ஓட்டும் ஒவ்வொரு மணியும் விலையில் குறையும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஜூன் மாதம் ஹேங்கருக்குள் தள்ளினேன். சேலத்திலிருந்து ஒருவர் வாங்க வந்தபோது பிப்ரவரி.

இடையில் சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிறு தவறாமல் போய் விமானத்தை வெளியே இழுத்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் வெப்பமானியின் முள் லேசாக அசைந்ததும் அணைத்துவிட்டு வருவேன். பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்புவேன்.

சேலத்துக்காரர் ஒரு ஏ.எம்.இ.யை (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) அழைத்து வந்திருந்தார். மதுரைக்காரர், லைகமிங் இன்ஜின்களிலேயே முப்பது வருடம் கழித்தவர். முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்கள் அழுத்தத்தை எவ்வளவு பிடித்து வைக்கின்றன என்று பார்த்தார். நான்கு சிலிண்டருமே 80-க்கு 72-க்கு மேல் காட்டின. எனக்குச் சந்தோஷம். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெள்ளைத் துணிமேல் விரித்து வெயிலில் பிடித்தார். மணல் போல ஏதோ மினுங்கியது. சட்டைப் பையிலிருந்து சிறிய காந்தத்தை எடுத்து மேலே நகர்த்தினார். துகள்கள் மீசை போல அதில் ஒட்டிக்கொண்டு நின்றன.

"இது அலுமினியம் இல்ல தம்பி. இரும்பு. எத்தனை மாசமா பறக்காம நிக்குது?"

என் சம்மதத்தோடு ஒரு சிலிண்டரைக் கழற்றினார்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டின் மேல் உரசும் டேப்பட்டின் முகம் கண்ணாடி போல இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழி குழியாக இருந்தது.

காரணம் இதுதான். இந்த வகை லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் நின்றதும் எண்ணெய் அடியில் உள்ள சம்ப்பில் இறங்கிவிடும். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய படலமும் வாரக்கணக்கில் நின்றால் வடிந்துவிடும். அப்புறம் மழைக்கால ஈரக்காற்று நேராக இரும்பின் மேல்தான். பத்து நிமிட ஓட்டம் இதைச் சரிசெய்யாது, மோசமாக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இன்ஜினின் வயிற்றுக்குள் போகும். பறக்கும்போது எண்ணெய் 75 முதல் 90 டிகிரி செல்சியஸில் நிற்பதால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். தரையில் பத்து நிமிடத்தில் எண்ணெய் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்கி, அமிலத்தோடு சேர்ந்து அரிக்கும். முப்பது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மேல் நான் அந்த இரும்பின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கம்ப்ரஷன் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது. அது வால்வையும் வளையத்தையும்தான் பார்க்கும், கேம்ஷாஃப்டை அல்ல. அதை மாற்ற வேண்டுமானால் இன்ஜின் கூட்டையே இரண்டாகப் பிளக்க வேண்டும், கிட்டத்தட்ட ஓவர்ஹால் வேலை. பேசி வைத்திருந்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டுதான் விற்க முடிந்தது. எட்டு மாதம் வழக்கம்போல் பறந்திருந்தால் முப்பது, நாற்பது மணி கூடியிருக்கும், அவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. தரையில் ஓட்டுவது பறப்பதற்கு மாற்றாகாது என்று லைகமிங்கே எழுத்தில் சொல்லியிருக்கிறது. படிக்காமல் இருந்தது நான்.

சரி, என்ன செய்வது? வாங்குபவர் வந்து எடுத்துப்போகும் நாள்வரை பறந்துகொண்டே இருங்கள். வாரம் ஒரு முறை, எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகும் அரைமணி நேரம் மேலே இருக்கும்படி. முடியாது என்றால் இன்ஜினை முறையாகப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள்: துருத் தடுப்பு எண்ணெய், ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் பிளக், திறந்திருக்கும் வாய்களுக்கெல்லாம் மூடி. அதற்குப் பிறகு "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே" என்று யாரும் கைவைக்கக் கூடாது.

ஏ.ஆர்.சி.யைக் காலாவதியாக விடுவது

விடாதீர்கள். விமானம் பறக்கத் தகுதியானது என்று மறு ஆய்வு செய்து தரும் சான்றிதழ் அது. அது இல்லாமல் வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுகூடப் பறக்க முடியாது.

விற்பதற்காகப் புது பெயின்ட் அடிப்பது

புதுப் பூச்சைக் கண்டதும், விவரம் தெரிந்தவர் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் தேடுவார். அதோடு எய்லரான், எலிவேட்டர், ரடர் ஆகிய திருப்பும் பலகைகளில் பெயின்ட் ஏறினால் அவற்றின் சமநிலையை மறுபடி சரிபார்த்தாக வேண்டும். அந்தச் செலவை இன்ஜினுக்குச் செய்யுங்கள்.

லாக்புக்கில் பழைய சேதத்தை மறைப்பது

வேண்டவே வேண்டாம்.

பீக்கன் பதிவை மறப்பது

ஆபத்தில் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் உங்கள் பெயரிலும் தொலைபேசி எண்ணிலும்தான் பதிவாகியிருக்கும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் நம் பெங்களூருவிலேயே, இஸ்ரோவின் இஸ்ட்ராக் என்ற பிரிவில் இருக்கிறது. பதிவை மாற்றாமல் விற்றுவிட்டு, புது உரிமையாளர் எங்காவது விழுந்து கிடந்தால் அழைப்பு உங்களுக்கு வரும். அவர் எங்கே புறப்பட்டார், எத்தனை பேர் கூட இருந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு படிவம்தான், அன்றே அனுப்பிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு பயணத்தை வைத்து அடுத்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது

விற்ற கையோடு அடுத்ததைத் தேடும்போதும் தவறு நடக்கும். "குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகணும், நாலு சீட் வேணும்" என்பார்கள். லாக்புக்கைத் திறந்து பார்த்தால் பத்தில் ஒன்பது முறை ஒருவரோ இருவரோதான் பறந்திருப்பார்கள். 172-இல் நான்கு பெரியவர்களும் நிறைந்த டேங்கும் சேர்ந்தாலே எடை விளிம்புக்கு வந்துவிடும். ஜக்கூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி. ஏப்ரல் மதியம் 33 டிகிரி வெயிலில் காற்று மெலிந்துவிடுவதால் விமானத்துக்கு அது ஏறத்தாழ 6000 அடி உயரம் போலத்தான் இருக்கும். இன்ஜினும் இறக்கையும் இளைத்துவிடும். கையேட்டின் முதல் பக்கத்து எண்ணைப் பார்த்து வாங்கினால் அந்த மதியம்தான் விஷயம் தெரியும்.

"ரோட்டாக்ஸ்தானே, பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கலாம்"

ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோலின் விலையைப் பார்த்து நொந்தவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்கிறார்கள். சிறு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றதுதான், ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. அதன் அறிமுக விழாவே 2023 பிப்ரவரியில் பெங்களூருவில்தான் நடந்தது. ரப்பர் குழாய், சீல், டேங்க் எல்லாம் அந்தக் கலவையைத் தாங்குமா என்று பாருங்கள். எரிபொருள் எங்கிருந்து வரும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

நான் மறுபடி ஒரு 172-க்கே வந்தேன், இந்த முறை இரண்டு நண்பர்களோடு பங்காக. ஆளுக்கு வாரம் ஒரு காலை. வியாழன் ஆறரை மணிக்கு நான் போகும்போது, முந்தைய நாள் பறந்தவர் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்த துணி இன்னும் ஈரமாகவே இருக்கும்.