வம்சமரத்தைத் தாய்வழியே வரையுங்கள்: தலைமுறை நாவல் வாசிக்கப் புதிதாக வருபவர்களுக்கு

தலைமுறை நாவலைக் கையிலெடுத்து, ஐம்பதாவது பக்கத்தில் "இது யாரு? அவளுக்கு என்ன முறை?" என்று குழம்பி மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆஷாபூர்ணா தேவியின் மூன்று வங்க நாவல்களை வைத்துப் பழகலாம்: பிரதம பிரதிச்ருதி (1964), சுவர்ணலதா (1967), பகுல் கதா (1974). தாய் சத்யவதி, மகள் சுவர்ணலதா, பேத்தி பகுல். வரிசை மாற்றாமல் படியுங்கள்.

படி 1: மரம் வரையுங்கள். அப்பா, மகன், பேரன் என்று வழக்கம்போல் போட்டால் இந்தக் கதை கைக்கு அகப்படாது. கல்யாணமானதும் பெண் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறாள். அந்த மரத்தில் அவளுக்குக் கிளையே இல்லை. தாளின் நடுவில் மூன்று பெண்களையும் மேலிருந்து கீழாக எழுதி, ஆண்களைப் பக்கவாட்டில் சேருங்கள். சத்யவதியின் அப்பா ராம்காளியை மட்டும் அவளுக்கு மேலே எழுதலாம். ஊரே மதித்து அஞ்சும் வைத்தியர் அவர். அவரையே எதிர்க்கேள்வி கேட்டு வளர்ந்தவள் சத்யவதி.

படி 2: கதையில் வரும் வங்க முறைப்பெயர்கள். பிசி என்றால் அத்தை. மாசி, அம்மாவுடன் பிறந்தவள். பௌதி, அண்ணி. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தால் போதும்.

படி 3: ஒவ்வொருத்திக்கும் கல்யாண வயதைக் குறியுங்கள். சத்யவதிக்கு 8. சுவர்ணலதாவுக்கு 9. பகுல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முதல் இரண்டு எண்களையும் பாருங்கள்: ஒரு தலைமுறை முழுக்கப் போராடியும் ஒரு வயதுதான் கூடியிருக்கிறது. அதுவும் மகளைப் படிக்கவைக்கத் துடித்த தாய்க்குத் தெரியாமல் நடத்திய கல்யாணம். பக்கத்திலேயே வெளியுலக ஆண்டுகளையும் எழுதுங்கள்: கல்கத்தாவில் பெத்யூன் பெண்கள் பள்ளி தொடங்கியது 1849, பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929.

படி 4: ஒரு சின்ன ஆசையின் பின்னாலேயே போங்கள். எனக்கு மிக முக்கியமான படி இதுதான். புது வீட்டில் தெருவைப் பார்த்தபடி ஒரு வராந்தா வேண்டும் என்று சுவர்ணலதா கேட்கிறாள். கணவன் தலையாட்டுகிறான். குடிபோகும் நாளில் வீட்டுக்குள் வராந்தாவைத் தேடி அலைகிறாள். அது இல்லவே இல்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள் கழித்துத் தொடருங்கள். பிறகு வராந்தா, ஜன்னல், மொட்டைமாடி என்று வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். பெரிய சண்டைகளை விட இந்தக் கோடுகளில்தான் அவள் வாழ்க்கை தெரியும்.

படி 5: யார் எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆஷாபூர்ணா பள்ளிக்கூடம் போனதில்லை. அண்ணன்மார் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து எழுத்துக் கற்றவர். அவருடைய சத்யவதி, மனைவியை அடித்த உறவுக்காரனைக் கேலி செய்து பாட்டுக் கட்டுகிறாள். சுவர்ணலதா தன் கதையை எழுதி அச்சேற்றிப் பார்த்து, வீட்டார் சிரித்ததும் எரித்துவிடுகிறாள். பகுல் எழுத்தாளராகிறாள், அநாமிகா தேவி என்ற புனைபெயரில்.

படி 6: மூன்றையும் முடித்த கையோடு முதல் நாவலின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். சத்யவதியின் கதை பகுலின் நோட்டிலிருந்து எடுத்தது என்று அங்கே சொல்லியிருக்கும்.