பீரோவில் தூங்கும் நகை: கடைக்கு எடுத்துப் போகும் முன்

என் சித்தியின் கெம்பு அட்டிகை ஒரு அட்சய திருதியை அன்று உருகிப் போனது. உடம்பு போட்ட பிறகு அது கழுத்தைப் பிடித்தது. இருபது வருடமாக லாக்கரில் கிடந்தது. "சும்மாதானே கிடக்கு" என்று கடையில் போட்டுவிட்டு, மருமகளுக்கு ஒரு செயின் எடுத்து வந்தார். கல், அரக்கு என்று சொல்லி எடையில் கழித்தார்கள். கழித்த கல்லையாவது கையில் கொடுங்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

போடாத நகை விஷயத்தில் எந்தத் தவறையும் ஓரளவு சரிசெய்துவிடலாம். அடகு வைத்ததை மீட்கலாம், விற்ற பணத்தில் மறுபடி தங்கம் வாங்கலாம். உருக்கிய அட்டிகை மட்டும் திரும்பி வராது. அதனால் அந்த முடிவைக் கடைசியில் எடுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள், அதுவும் ரூபாயில் வேண்டாம், கிராமில். உங்களிடம் 5 சவரன், அதாவது 40 கிராம், கல் இல்லாத 22 காரட் காசுமாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு எடைக்கும் அன்றைய விலையையே போட்டுக் கொடுக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம் (எல்லாக் கடையிலும் நடக்காது). புது நகைக்கு செய்கூலி, சேதாரம் சேர்த்து 15 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். கையிலிருந்து பணம் போடாமல் வாங்கினால் கிடைப்பது சுமார் 33.8 கிராம். முக்கால் சவரனுக்கு மேல் போய்விட்டது. இதே நகையை இன்னும் பத்து வருடம் கழித்து "டிசைன் பழசாயிடுச்சு" என்று மாற்றினால் இன்னொரு 5 கிராமுக்கு மேல் போகும்.

பழைய நகை என்றாலே சுத்தத் தங்கம் என்று நம்புவது அடுத்த தவறு. ஆசாரி வீட்டில் செய்த நகையில் துண்டுகளை ஒட்டப் பற்றவைத்த பொடி (வேறு உலோகம் கலந்தது) நிறைய இருக்கும்; 916 தரம், அதாவது 91.6 சதவீதத் தங்கம், தேறாமல் போகலாம். கடையின் மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. பற்று உள்ள இடத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும், முலாம் பூசிய இடத்தில் கூட்டிக் காட்டும். ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணம் கட்டி நாமே சோதித்து, சீட்டோடு இரண்டு மூன்று கடை ஏறி இறங்கலாம். 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஹால்மார்க் எண்) கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்குத்தான். முத்திரை இல்லாத பழைய நகையை நாம் தாராளமாக விற்கலாம். "முத்திரை இல்லையே" என்று அடிமாட்டு விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல நகைகளுக்குத் தேவை சின்ன ரிப்பேர்தான். இறுக்கும் அட்டிகைக்குப் பின்னால் நான்கு வளையம் சேர்த்தால் போதும், சித்தி இன்றும் போட்டிருப்பார். வைரத்தோடு காதை இழுக்கிறதென்றால் மாட்டல் போடலாம், அல்லது கற்களை வேறு கட்டடத்தில் (கல் உட்காரும் தங்கச் சட்டத்தில்) பதிக்கலாம். கெம்பு வேலைக்கு நாகர்கோவில் வடசேரி ஆசாரிகள் பேர் போனவர்கள். அங்கே செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே உண்டு.

சரி, விற்பதென்றே முடிவா? வரியை மறக்காதீர்கள். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குவதும் வரிக் கணக்கில் விற்பனைதான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நகையின் லாபத்துக்கு 12.5 சதவீதம். பாட்டி கொடுத்ததென்றால் பாட்டி வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியதென்றால் 2001 ஏப்ரல் 1-ம் தேதி சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வீடு தேடி வரும் பாலீஷ்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் கிண்ணத்தில் இருப்பது ராஜதிராவகமாக (தங்கத்தையே கரைக்கும் அமிலம்) இருந்தால் நகை பளபளக்கும், எடை குறையும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். அரக்கில் பதித்த கெம்பை மட்டும் எந்தத் தண்ணீரிலும் ஊறவிடாதீர்கள். வெந்நீரில் அரக்கு இளகிக் கல் ஆடும். முத்தை பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

லாக்கரில் வைத்தால் வங்கி பொறுப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்றால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் வங்கி தரும். ரிசர்வ் வங்கியின் விதி 2022 முதல் அப்படித்தான். வாடகை 3,000 என்றால் அதிகபட்சம் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கத்துக்கு அதுவும் பொதுவாகக் கிடையாது. நகைக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்கலாம், எடையோடு படம் எடுத்து வைக்கலாம். லாக்கருக்கு நாமினி போட்டிருக்கிறோமா என்பதையும் இந்த வாரமே பாருங்கள்.

சித்தி கதைக்குப் பிறகு அம்மா தன் நகை டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறார். வங்கி மோதிரத்தின் (V வடிவ மோதிரம்) சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "6 கிராம், கல் இல்லை. பெரியத்தை போட்டது. கேட்காமல் மாற்றாதே."